ஆறு செல்லில் ஒன்று சோர்ந்தால்

வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் ஆற்று மணலில் ரிமோட் கார் ஓட்டினால், பேட்டரியை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சக்கரம் புதையப் புதைய மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். 30 ஆம்பியர்கூடப் போகலாம்.

7.2 வோல்ட் பேட்டரி என்று நாம் வாங்குவது, உறைக்குள் ஆறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு சேரும். இது தொடர் இணைப்பு. வோல்ட் கூடும்; கொள்ளளவு, அதாவது பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு, கூடாது. 3000 மில்லியாம்பியர் மணி செல் ஆறு சேர்ந்தாலும் அதே 3000தான்.

தொடர் இணைப்பில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். சிக்கலே அங்கேதான். ஐந்து செல் புதிது, ஒன்று பழசு என்று வையுங்கள். பழசு முதலில் காலியாகும். ஆனாலும் கார் நிற்காது. மற்ற ஐந்தும் தள்ளுகிற மின்னோட்டம் காலியான செல் வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். அதன் வோல்ட் பூஜ்யத்துக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கி, பிளஸ் மைனஸ் தலைகீழாகும். உள்ளே வாயு உண்டாகி, சூடேறி, செல் கெட்டுப்போகும். அதனால் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் வேலை; மாற்றினால் ஆறையும் ஒரே வகையில், ஒரே கொள்ளளவில் மாற்றுங்கள்.

லித்தியம் பாலிமர் என்ற இன்னொரு வகை பேட்டரியில் இதே குறை ஆபத்தாகவே மாறும். இரண்டு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் மொத்தம் 8.4 காட்டினாலும் ஒரு செல் 4.3, இன்னொன்று 4.1 என்று இருக்கலாம். 4.2-ஐத் தாண்டி ஏற்றப்படும் செல் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களோடு, மூன்று மெல்லிய வயர் கொண்ட சின்ன கனெக்டரும் இருப்பது இதற்காகத்தான். அதன் நடு வயர் இரண்டு செல்லும் சேரும் இடத்திலிருந்து வருகிறது. பேலன்ஸ் சார்ஜர் அதன் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து, முந்துகிற செல்லிலிருந்து கொஞ்சம் வடியவிட்டு இரண்டையும் சமன் செய்யும். அந்த கனெக்டரைச் செருகாமல் சார்ஜ் போடவே கூடாது.

அப்புறம் சோல்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி வயரைப் பற்றவைப்பது. ஒரு மூட்டில் வெறும் 0.01 ஓம் மின்தடை இருந்தாலும், 30 ஆம்பியர் ஓடும்போது அங்கே 9 வாட் வெப்பம். ஈயம் பளபளவென்று பரவிப் பிடித்திருக்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை. செல் முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவி, செல்லிலும் வயரிலும் முதலில் தனித்தனியே ஈயம் ஏற்றுங்கள். பிறகு நன்றாகச் சூடான, கனமான முனையுள்ள சோல்டரிங் அயர்னால் இரண்டு மூன்று நொடியில் ஒட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். சின்ன அயர்னை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் சூடு செல்லுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் பிரிப்புத் தாளைக் கெடுக்கும். லித்தியம் பாலிமர் செல்லின் முனையில் வீட்டில் ஈயம் வைக்கவே வேண்டாம், கனெக்டர் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்போதும் சிவப்பு, கறுப்பு இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியின் இரும்பு வழியாகவே ஷார்ட் ஆகும். ஒன்றை வெட்டி, புது கனெக்டரில் பற்றவைத்து, ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.