பின்னூட்டமா, மீள்தாக்கமா?

பேரண்டத்தின் தொடக்ககாலக் கருந்துளைகளைப் பற்றித் தமிழில் வரும் அறிவியல் கட்டுரைகளில் ‘கருந்துளையின் பின்னூட்டம்’ என்ற தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. ஃபீட்பேக் என்ற ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு அது; அதற்குப் பதிலாக ‘மீள்தாக்கம்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஃபீட்பேக் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலிப் பொறியாளர்களிடையே வழங்கிய சொல். மின்சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டில் செலுத்துவதைக் குறித்தது. அங்கே ‘ஊட்டம்’ பொருந்தும்.

கருந்துளையிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே விழும் வளிமம் சூடேறி உமிழும் கதிர்வீச்சு, அடுத்து விழவேண்டிய வளிமத்தை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை ஈர்ப்புக்குச் சமமாகும் நிலையே எடிங்டன் வரம்பு. உண்ட உணவே அடுத்த வேளைச் சோற்றைத் தட்டிவிடும் இந்நிகழ்வை ஊட்டம் என்பது எந்த வகையில் சரி? பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 69 கோடி ஆண்டுகளிலேயே சுமார் 80 கோடி சூரியன்களின் நிறையை எட்டிவிட்ட கருந்துளை ஒன்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இத்தனை தடைக்கிடையே அது எப்படி அவ்வளவு விரைவில் வளர்ந்தது என்பதுதான் புதிர். பின்னூட்டம் என்று படிக்கும் மாணவரோ, ஊட்டம் கிடைத்ததால் வளர்ந்தது என்று புதிரையே தலைகீழாக விளங்கிக்கொள்வார். போதாக்குறைக்கு, இணையத் தமிழில் பின்னூட்டம் என்றால் வாசகர் இடும் கருத்து என்ற பொருள் என்றோ நிலைத்துவிட்டது.

நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது நிகழ்வைத் தணிக்கும் விளைவு, என்பதற்கு வழங்கும் ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ இன்னும் மோசம். அதைக் கண்டனம் என்றே எவரும் படிப்பர். கருந்துளையைச் சூழ்ந்து எழும் புறஊதாக் கதிர்கள், வளிமத்தைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளைச் சிதைத்து விண்மீன் பிறப்பைத் தடுக்கின்றன. எக்ஸ் கதிர்களோ வளிமத்தைச் சூடாக்கினாலும், விடுவிக்கப்படும் எலக்ட்ரான்களின் வழியாக அதே மூலக்கூறுகள் மீண்டும் உருவாகத் துணைபுரியவும் கூடும். இவ்விரண்டையும் முறையே ‘தணிக்கும் மீள்தாக்கம்’, ‘தூண்டும் மீள்தாக்கம்’ என்றால் விளக்கமே தேவைப்படாது.

எதிர்வினை போதாதா என்பர். அது நியூட்டனின் மூன்றாம் விதிக்கு உரியது; வினையோடு உடன்நிகழ்வது, அளவில் சமமானது. இலங்கைப் பாடநூல்களில் அதே பொருளுக்கு மறுதாக்கம் வழங்குவதால் அதுவும் ஆகாது. விளைவு சுற்றி வந்து தன் காரணத்தையே மாற்றுவதை ‘மீள்’ என்ற முன்னொட்டுதான் சொல்கிறது. ‘பின்’ என்பது பிறகு என்றே நிற்கிறது.

இந்தக் கதிர்வீச்சையே ‘கதிரியக்கம்’ என்று பெயர்ப்போரும் உளர். கதிரியக்கம் அணுக்கருச் சிதைவைக் குறிப்பது. கருந்துளையைச் சுற்றி ஒளிர்வது கொதிக்கும் வளிமம்.