மோர்ஸ் பழக எந்தக் கீ வாங்கலாம்?

ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்காக, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் முறையைக் கற்கத் தொடங்கியிருக்கும் கல்லூரி மாணவி ஒருவர், அந்த ஒலிகளை அனுப்பும் விசையான கீயில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார். ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் ஜெனிவா மாநாட்டில் நீக்கப்பட்டது. அதன் பிறகும் ஒருவர் ஆசைப்பட்டுக் கற்க வருகிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

புள்ளியான 'டிட்' ஒரு மாத்திரை என்றால் கோடான 'டா' மூன்று மாத்திரை. நம் உயிரளபெடையின் அதே அளவு! நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் அந்த ஒரு மாத்திரை 60 மில்லி விநாடிதான்.

ஒரே நெம்புகோலைக் கையால் அழுத்தி அழுத்தி விடும் ஸ்ட்ரெய்ட் கீயில் இந்தக் கணக்கு முழுவதும் மணிக்கட்டின் தலையில். பழகாத கையில் 'டா' ஒருமுறை இரண்டு மாத்திரையாகக் குறுகும், மறுமுறை நான்காக நீளும். அந்தக் கோணலையே காதும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 'முதலில் ஸ்ட்ரெய்ட் கீயில்தான் தேற வேண்டும்' என்று மூத்தவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1904இல் ஹொரேஸ் மார்ட்டின் காப்புரிமை பெற்ற 'பக்' கீயில் எஃகு வில் அதிர்ந்து புள்ளிகளைத் தானே போடும். ஆனால் அதன் வேகம் புதியவருக்குக் கட்டுப்படாது.

என் பரிந்துரை, இரு விரல்களுக்கு இரண்டு தகடுகள் கொண்ட இரட்டைப் பேடிலும், அதன் தொடுதலை அளவான டிட், டாவாக மாற்றும் எலெக்ட்ரானிக் கீயரும். கட்டைவிரல் பக்கம் டிட், ஆள்காட்டி விரல் பக்கம் டா. ஆங்கில எழுத்து 'சி'க்கு டா-டிட்-டா-டிட். ஸ்ட்ரெய்ட் கீயில் நான்கு அழுத்தம். இதிலோ ஆள்காட்டி விரலை முதலில் தொட்டு, உடனே கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளினால் போதும். டா ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கீயர் மறுபக்கத்தைக் கவனிக்கிறது. அங்கே விரல் பட்டிருந்தால் நினைவில் வைத்துக்கொண்டு, டா முடிந்து சரியாக ஒரு மாத்திரை மௌனம் விட்டு டிட்டை எடுத்துவிடுகிறது. விரல்கள் சேர்ந்திருக்கும்வரை இரண்டும் மாறி மாறி வரும். விரல் சற்று முந்தினாலும் தாளம் பிசகாது! கீயரில் 'ஏ', 'பி' என இரண்டு முறைகள் உண்டு. 'ஏ' முறையில் விரலை எடுத்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ஒலியோடு நின்றுவிடும். 'பி' முறையில் எதிர் ஒலி ஒன்று கூடுதலாக வரும். 'சி'யின் இரண்டாவது டா ஒலிக்கும்போதே 'பி'யில் விரலை எடுத்துவிடலாம், கடைசி டிட் தானே வந்து சேரும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிலைத்திருங்கள்.

வாங்கும்போது அடிப்பகுதியின் எடையைப் பாருங்கள். லேசான பேடில் ஒவ்வொரு தொடுதலுக்கும் மேசையில் நகரும். அப்படிப்பட்டதுதான் கிடைத்தது என்றால், கனமான மரப்பலகை ஒன்றில் திருகி வைத்துவிடுங்கள்.