குரோவியா வாடினால் தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள்

சிட்னியில் தோட்டப் பராமரிப்பு வேலை செய்கிறேன். "தம்பி, அந்த ரோஸ் நட்சத்திரப் பூச்செடிக்கு நாள் தவறாமல் தண்ணி விடுறன், பிறகும் வாடுது" என்று யாராவது ஒரு அக்கா போன் செய்தால், போவதற்கு முன்பே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அந்தச் செடி குரோவியா. சின்னப் பேரினம், மூன்றே இனங்கள். எக்ஸலாட்டாவும் சாலிக்னாவும் ஆஸ்திரேலியாவின் கிழக்கே வளர்பவை. அங்குஸ்டிஃபோலியா மட்டும் தென்மேற்கு மூலையில். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனை வரும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இதன் குடும்பம்தான். ஆனால் கறிவேப்பிலைக்குச் செய்கிற உபசாரம் இதற்கு ஆகாது. சாலிக்னா பிறந்தது சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் காடுகளிலும் புதர்வெளிகளிலும். அங்கே சத்துக் குறைந்த மணல். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். நம் கொல்லைக் களிமண்ணில் நட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் வேர் அழுகத்தான் செய்யும்.

இந்த ஊர் மண்ணில் நான் அதிகம் பயப்படுவது பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமிக்கு. 1922-ல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரங்களில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். பூஞ்சை மாதிரிதான் தெரியும், பூஞ்சை இல்லை. ஆகவே கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லிகள் பலவும் இதனிடம் செல்லாது. அதன் வித்துகள் ஈரமண்ணில் நீந்திப் போய் நுனிவேரைப் பிடிக்கும். வேர் செத்தபின் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது; ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தால் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்!

அதனால் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடினால் ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்கள். கறுத்து, தொட்டால் நசுங்கினால் அழுகல்தான். புதுச்செடியை அதே குழியில் வைக்காதீர்கள். வேறிடத்தில் மணல் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள். பாஸ்பரஸ் குறைந்த உரம் போதும், அதுவும் கொஞ்சமாக.

செத்த செடியின் மண்ணைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தோட்டத்தில் போவது ஒரு செடி. புதர்வெளிக்குள் இந்த நோய் புகுந்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. காட்டு நடைபாதைத் தொடக்கத்தில் செருப்பு தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

நானும் மண்வெட்டியைச் சுரண்டிக் கழுவி, மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளித்த பிறகே வண்டியில் ஏற்றுவேன். அடுத்த வீட்டுக்காரர் காத்திருந்தாலும் சரி.