வட்டத்துக்குள் ஒரு புள்ளி

மரபியல் ஆலோசனைக்கு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் செய்யும் வேலை, வெள்ளைத் தாளில் வம்சாவளிப் படம் போடுவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவருடையதை முழுக்கக் கறுப்பாக்கிவிடுவோம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள பழுதான மரபணுவைச் சுமந்தும் தனக்கு நோய் இல்லாத பெண்ணுக்கு, வட்டத்தின் நடுவே சின்னதாக ஒரு புள்ளி. கேரியர் என்று அர்த்தம். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா உள்ள குடும்பங்களில் பையனின் சதுரம் கறுப்பாகும், அம்மாவின் வட்டத்தில் பெரும்பாலும் புள்ளி விழும். அதோடு பேனா அடுத்தவருக்கு நகர்ந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து அடிக்கடி வீங்கும் ஐந்து வயது மகன். அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தார். அரை மணி நேரம் பேசினோம், அத்தனையும் பையனைப் பற்றித்தான். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார்: “நாளைக்கு ரத்தம் எடுக்கிறப்போ இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திடணுமா டாக்டர்?”

“மாத்திரை எதுக்குச் சாப்பிடுறீங்க?”

“ரத்தம் கம்மின்னு குடுத்தாங்க. மாசாமாசம் எட்டு, ஒன்பது நாள் போகும். எங்கம்மாவுக்கும் அப்படித்தான். எங்க வீட்டுப் பொம்பளைங்க உடம்பு வாகு அது.”

மறுபடி உட்காரச் சொன்னேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பத்தொன்பது வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. பிரசவமாகி ஒன்பதாம் நாள் உதிரப்போக்கு கொட்டி, ஓடிப்போய்ச் சேர்த்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகனுக்கு நோய் தெரிந்த பிறகும் ஒருவரும் இவருடைய ஃபேக்டர் எட்டு அளவை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதத்தின் அளவைப் பார்க்கவில்லை. அன்று காலை நானும் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துபோனவன்தான். மறுநாள் எடுத்த ரத்தத்தில் அளவு 31 சதவீதம். இயல்பான அளவு சுமார் 50 முதல் 150 வரை.

பாடப்புத்தகக் கணக்குப்படி பெண்ணுக்கு உள்ள இரண்டு எக்ஸில் ஒன்று பழுது, ஒன்று நல்லது. அப்படியானால் பாதியாவது இருக்க வேண்டும், பாதி இருந்தால் போதும். இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை 1961லேயே ஒருவர் எழுதிவிட்டார். மேரி லயன். அவர் மருத்துவர் அல்ல, வாழ்நாள் முழுக்கச் சுண்டெலிகளை ஆராய்ந்த மரபியலாளர்.

1925இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். பள்ளியில் ஒரு கட்டுரைப் போட்டியில் காட்டுப்பூக்கள், பறவைகள், மரங்கள் பற்றிய புத்தகங்கள் பரிசாகக் கிடைத்தன, உயிரியல் மீது ஆசை அங்கே தொற்றிக்கொண்டது. 1943இல் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் விலங்கியல் படிக்கச் சேர்ந்தார். போர்க்காலம். பெண்களும் ஆண்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதினார்கள், ஆனால் அன்றைய கேம்பிரிட்ஜ் பெண்களுக்குக் கொடுத்தது பெயரளவுப் பட்டம் மட்டுமே. முழு உரிமையுள்ள பட்டம் 1948இல்தான் வந்தது. முனைவர் ஆய்வைக் கேம்பிரிட்ஜில் ரொனால்டு ஃபிஷரிடம் தொடங்கினார். எலியின் திசுக்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு வேண்டிய வசதி எடின்பரோவில் இருந்ததால் அங்கே போய் 1950இல் முடித்தார்.

அடுத்து வந்த வேலை அணுகுண்டுக் காலத்தின் வேலை. கதிர்வீச்சு அடுத்தடுத்த தலைமுறைகளின் மரபணுக்களை என்ன செய்யும் என்று எலிகளை வைத்து அளக்கும் குழுவில் சேர்ந்தார். 1950களின் நடுவில் அந்தக் குழு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஹார்வெல்லுக்கு இடம் மாறியது. ஆயிரக்கணக்கில் எலிகளை வளர்த்து, எதில் புதிய மாற்றம் தெரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓயாமல் செய்ய வேண்டிய, பொறுமையான வேலை.

அந்த எலிகளில் ஒரு வகையின் மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. அதைச் சுமந்த பெண் எலிகளின் மேல் ரோமம் திட்டுத்திட்டாக இருக்கும், ஓரிடம் வெளிறி, ஓரிடம் இயல்பான நிறத்தில். ஆண் எலிக்கு இருப்பது ஒரே எக்ஸ், ஆகவே ஆணில் அப்படித் திட்டுகள் வர வழியில்லை. ஆனாலும் ஒரு ஆண் எலி திட்டுகளோடு கிடைத்தது. அதை இனப்பெருக்கம் செய்துபார்த்த லயன், அந்த எலியின் உடலிலேயே இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன, கரு வளரும்போது நடுவில் மாற்றம் நடந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். ஆணில் திட்டுக்குக் காரணம் இரண்டு வகைச் செல்கள் என்றால், பெண் எலிகளின் திட்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாமே! எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

மற்ற துண்டுகள் ஏற்கெனவே பலர் கையில் இருந்தன. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள பெண் எலி நன்றாக வளர்ந்து குட்டியும் போடுகிறது என்று 1959இல் தெரிந்திருந்தது. அப்படியானால் ஒரு செல்லுக்கு வேலை செய்யும் எக்ஸ் ஒன்று போதும். பெண்ணின் செல்களில் ஓர் எக்ஸ் சுருண்டு கெட்டியாகக் கிடப்பதை சுசுமு ஓனோ காட்டியிருந்தார். 1949இலேயே மர்ரே பார், பூனையின் நரம்புச் செல்களில், பெண் பூனைகளில் மட்டும் தெரியும் ஒரு கறும்புள்ளியைக் கண்டிருந்தார்.

லயன் இவற்றைக் கோத்தார். பெண் கருவின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது. அப்பாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா என்பது அந்தந்தச் செல்லில் தற்செயலாக அமைவது. ஒருமுறை அடங்கியது அடங்கியதுதான், அந்தச் செல்லிலிருந்து பிரிந்து வரும் அத்தனை செல்களிலும் அதே எக்ஸ்தான் மௌனமாக இருக்கும். 1961 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். அடுத்த ஆண்டே இதை மனிதர்களுக்கும் விரித்து எழுதினார். அதே காலத்தில் எர்னஸ்ட் பியூட்லர், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சுமக்கும் பெண்களின் சிவப்பணுக்களில் அந்த நொதி உள்ளவை ஒரு கூட்டம், இல்லாதவை ஒரு கூட்டம் என இரு வகை கலந்திருப்பதைக் காட்டி, தானாகவே இதே முடிவுக்கு வந்தார். ஹான்ஸ் குரூனெபர்க் போன்ற பெரிய எலி மரபியலாளர் பல வருடம் எதிர்த்து எழுதினார். குறைவாகப் பேசும் சுபாவம் கொண்ட லயன் ஒவ்வொரு மறுப்புக்கும் தரவுகளை வைத்துப் பதில் எழுதினார். அது நிலைத்தது. 1973இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1984இல் ராயல் பதக்கம், பிறகு வுல்ஃப் பரிசு. பல ஆண்டுகள் ஹார்வெல்லின் மரபியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், 2014 டிசம்பர் 25 அன்று 89 வயதில் காலமானார். எக்ஸை அடக்கும் கருவி என்ன என்று 1991இல் பிடிபட்டது. எக்ஸிஸ்ட் என்ற நீளமான ஆர்என்ஏ, அடங்கப்போகும் எக்ஸிலிருந்தே எழுதப்பட்டு அதன் மேலேயே போர்வைபோல் படர்கிறது. அந்தப் போர்வைக்குள்ளும் அடங்காமல் பேசும் மரபணுக்கள் சில உண்டு.

என் மேசைக்குத் திரும்புகிறேன். ஃபேக்டர் எட்டு பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. அங்குள்ள செல்களில் எத்தனையில் நல்ல எக்ஸ் விழித்திருக்கிறது, எத்தனையில் பழுதானது விழித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பெண்ணின் அளவு அமையும். பாதிக்குப் பாதி என்பது வெறும் சராசரி. நாணயத்தைச் சில தடவையே சுண்டினால் தலையும் பூவும் சரிசமமாக விழும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டோம். அந்தத் தீர்மானம் நடக்கும்போது கருவில் இருப்பவை கொஞ்சமே செல்கள். அதனால்தான் ஒரே மரபணுப் பிழையைச் சுமந்தும் அக்காவான அந்தத் தாய்க்கு 31ம் அவர் தங்கைக்கு 74ம் வருகிறது. அபூர்வமாக ஆண்களைப் போலவே கடுமையாகக் குறைந்தவர்களும் உண்டு. 40க்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணுக்கே ஹீமோஃபீலியா இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என 2021இல் சர்வதேச நிபுணர்கள் பெயர் வரையறையை மாற்றினார்கள். 40க்கு மேல் இருந்தும் ரத்தப்போக்கு அதிகம் இருப்பவர்களுக்கும் அதில் தனி இடம் உண்டு. “நீங்க வெறும் கேரியர்தான்” என்ற வாக்கியத்தை என் வாயிலிருந்து நான் எடுத்துவிட்டேன். சக மருத்துவர்களிடமும் அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹீமோஃபீலியா உள்ள பையனுக்கு அம்மாவோ அக்காவோ தங்கையோ, ஹீமோஃபீலியா உள்ளவருக்கு மகளோ நீங்கள் என்றால், உங்கள் ஃபேக்டர் அளவை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். உறைதல் நேரம் நார்மல் என்ற சீட்டு போதாது, ஃபேக்டர் ஓரளவு குறைந்திருந்தாலும் அந்தச் சோதனை நார்மலாகவே வரக்கூடும். கர்ப்பத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது. கர்ப்பத்தில் ஃபேக்டர் எட்டு தானாக ஏறும், பிரசவத்துக்குப் பின் இறங்கிவிடும். அந்தத் தாய்க்குக் கர்ப்பத்தில் நார்மல் என்று வந்ததும், ஒன்பதாம் நாள் உதிரம் கொட்டியதும் இதனால்தான். ஃபேக்டர் ஒன்பது குறையும் ஹீமோஃபீலியா பி-யில் கர்ப்பத்தால் அந்த ஏற்றம்கூடப் பெரிதாகக் கிடைக்காது. மரபணுச் சோதனையும் ஃபேக்டர் அளவும் வேறு வேறு. முதலாவது நீங்கள் பிழையைச் சுமக்கிறீர்களா என்று சொல்லும், இரண்டாவது உங்கள் உடம்பு அதை எப்படித் தாங்குகிறது என்று சொல்லும். அளவு நன்றாக இருக்கும் கேரியரும் உண்டு, ஆகவே ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க வேண்டாம்.

ஹீமோஃபீலியாவோடு இது நிற்கவில்லை. எக்ஸில் உள்ள இன்னொரு மரபணு பழுதாவதால் வரும் டுஷேன் தசைச்சிதைவு உள்ள பையன்களின் அம்மாக்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதைப் பையனைத் தூக்கிச் சுமக்கும் களைப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். எக்கோவும் ஈசிஜியும் அவர்களுக்கும் காலமுறைப்படி வேண்டும். ஜி6பிடி குறைபாட்டில், உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் துரிதச் சோதனை, நடுத்தர அளவுள்ள பெண்களைப் பெரும்பாலும் நார்மல் என்று காட்டிவிடும். மலேரியாவுக்கு பிரைமாகுயின் வகை மருந்து கொடுக்கும்போது அதனால் ஆபத்து வரலாம்.

அந்தத் தாய்க்கு இரண்டாவது பிரசவம் திட்டம்போட்டு நடந்தது. கடைசி மூன்று மாதத்தில் அளவு பார்த்தோம். குழந்தைக்கும் நோய் இருக்கலாம் என்பதால் அதை வேக்குவம் போட்டு இழுக்கக் கூடாது என்று தாளின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டினோம். பிரசவத்துக்குப் பிறகும் ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் தொடர்ந்தது, வீட்டுக்குப் போன பிறகும் அளவைச் சோதித்தோம். ஒன்பதாம் நாள் நானே போன் செய்தேன். “நல்லா இருக்கேன் டாக்டர், பாப்பா தூங்குறா” என்றார்.

அவர்கள் குடும்பத்தின் தாள் இப்போதும் கோப்பில் இருக்கிறது. அக்காவின் புள்ளிக்குப் பக்கத்தில் 31, தங்கையின் புள்ளிக்குப் பக்கத்தில் 74. அவர்களைப் பெற்றவரின் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் எண் இல்லை. வாழ்நாளெல்லாம் ‘உடம்பு வாகு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வலது முழங்கால் மாற்று அறுவைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.