தன்னார்வலர்: சொல்லும் அதன் உறவுச் சொற்களும்

கூலியை எதிர்பாராமல், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தாமே முன்வந்து ஒரு பொதுப்பணியில் உழைப்பவரைத் தன்னார்வலர் என்கிறோம். வாலண்டியர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் புழக்கத்துக்கு வந்த சொல் இது. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர், விருப்பம் என்று பொருள்படும் வொலுந்தாஸ் என்னும் இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, கட்டாயத்தின் பேரில் அல்லாமல் தானாகப் படையில் சேர்ந்த வீரனையே அது குறித்தது. 1857இல் சென்னையில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் என்னும் படைப்பிரிவு அப்பொருளில் பெயர் பெற்றதுதான். இலங்கை இராணுவத்தில் இன்றும் வழங்கும் ‘தொண்டர் படை’ என்னும் பெயரிலும் அதே பொருள் தங்கியிருக்கிறது. ‘அவராகவே வாலண்டியராகப் போய் மாட்டிக்கொண்டார்’ என்னும் நம் பேச்சுவழக்கில் படையும் இல்லை, பொதுப்பணியும் இல்லை; ஆனால் தன் விருப்பம் என்ற வேர்ப்பொருள் மட்டும் கெடாமல் இருக்கிறது.

தமிழில் நெடுங்காலமாக இருந்த சொல் தொண்டர் என்பதாகும். தொண்டு என்பதற்கு அகராதிகள் அடிமைத்தன்மை என்றும் பணிவிடை என்றும் பொருள் தருகின்றன. பக்தி இயக்கக் காலத்தில் இவ்விரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்தன. இறைவனுக்கு அடிமைப்பட்டவர் என்பதே அங்குப் பெருமைக்குரிய நிலை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வரிசைப்படுத்தி ஒவ்வொருவருக்கும் தாம் அடியேன் என்று பாடினார். அதை விரித்துச் சேக்கிழார் இயற்றிய நூலின் இயற்பெயரே திருத்தொண்டர் புராணம். பெரியபுராணம் என்பது பின்னர் நிலைத்த வழக்கு. நாவுக்கரசரின் திருவுருவங்களில் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரம், நீண்ட காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய கருவி. கோயில் வழியில் முளைத்த புல்லை வேரோடு செதுக்கி எடுப்பதற்கானது. இன்றும் விடுமுறை நாள்களில் கூடிப் பழைய கோயில்களைத் தூய்மை செய்யும் குழுக்கள் தம் வேலையை உழவாரப்பணி என்றே சொல்கின்றன.

தொண்டருக்கு மதிப்பளிப்பது பற்றி நம் மரபில் உள்ள மிகக் கூர்மையான கதையும் நாவுக்கரசரைச் சேர்ந்ததே. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு உணவளிக்க அவருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினான். சம்பந்தரின் காசை மாற்றும்போது வாசி, அதாவது மதிப்பில் ஒரு கழிவு, பிடிக்கப்பட்டது. நாவுக்கரசரின் காசுக்கு வாசி இல்லை. அதற்குக் காரணம் அவர் கைத்தொண்டு செய்தவர் என்பதே என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிய பிறகே அவருக்கும் நற்காசு கிடைத்தது. பாட்டுக்கு ஒரு மதிப்பு, உடலுழைப்புக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பு என்று கணக்கிட்ட இந்தக் கதையை, மேடையில் பேசியவருக்கு மாலையும் நாற்காலி சுமந்தவருக்கு வெறும் கைகுலுக்கலும் தரும் இன்றைய சங்கங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் தொண்டர் என்னும் சொல் கோயிலிலிருந்து அரசியலுக்கு நகர்ந்தது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் தொண்டர்களே. பின்னர் கட்சிகள் பெருகியபோது, தொண்டர் என்றாலே கட்சிக்கொடி பிடிப்பவர் என்னும் எண்ணம் வேரூன்றியது. கட்சிச் சார்பற்ற பணிக்கு வேறு சொல் தேவைப்பட்ட அந்த இடைவெளியில்தான் தன்னார்வலர் நுழைந்தது.

தன் என்பதும் ஆர்வலர் என்பதும் சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிரெழுத்தின் முன் இரட்டிப்பதால் தன்னார்வலர் ஆயிற்று. ஆர்வலர் புதிய சொல் அன்று. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்னும் குறளில் அது அன்புடையவரைக் குறிக்கிறது. தன்னார்வம் என்பதைத் தன்மீதே கொண்ட ஆர்வம் என்றும் பிரிக்கலாமே என்று குறை சொல்வோர் உண்டு. இலக்கணப்படி அது தவறில்லை என்றாலும், வழக்கு ஒரு பொருளை நிலைநாட்டிய பிறகு அந்த ஐயத்துக்கு இடமில்லை. சமூக ஆர்வலர் என்பது வேறு: அது உரிமைக்குக் குரல் கொடுப்பவரைக் குறிக்குமே தவிர, பணியில் கைகொடுப்பவரை அன்று.

சிங்கப்பூரில் இதே பொருளுக்குத் தொண்டூழியர் என்பதே நிலைத்த சொல். ஓசையில் அழகானது, கட்சி வாடையும் இல்லை. ஆனால் ஊழியம் என்னும் பகுதிக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியின்றிக் கட்டாயமாகப் பெறப்பட்ட உழைப்புக்கு ஊழியம் என்றே பெயர். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பதும் அத்தகைய ஊதியமற்ற கட்டாய உழைப்பையே குறித்தது. இன்று அது ‘வெட்டி வேலை’யாகத் தேய்ந்து நிற்கிறது. ஊரார் கூடி ஏரி, வாய்க்கால்களைச் செப்பனிட்ட குடிமராமத்தையும் ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. விருப்பத்தால் தரும் உழைப்புக்கும் மறுக்க முடியாமல் தரும் உழைப்புக்கும் இடையே உள்ள கோடு எத்தனை மெல்லியது என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன. அந்தக் கோட்டைத் தன் என்னும் முன்னொட்டு அழுத்தமாக வரைவதால், தன்னார்வலர் என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

அக்கோடு இன்றும் அழிக்கப்படுகிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. இந்தியாவில் 2005 முதல் கிராம நலவாழ்வுப் பணியைச் சுமக்கும் ஆஷா பணியாளர்களின் ஆங்கிலப் பெயர் விரிவு ‘அங்கீகாரம் பெற்ற’ என்னும் அடையோடுதான் தொடங்குகிறது. ஆயினும் ஊழியராக அல்லாமல் தன்னார்வலராகவே கருதப்படுவதால் அவர்கள் பெறுவது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டதும் அப்பெயரில்தான். முழுநேர வேலையை வாங்கிக்கொண்டு தன்னார்வலர் என்று பெயரிடுவது சொல்லையும் ஆளையும் ஒருசேரக் குறைப்பதாகும். மறுபுறம், பேருந்துக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் ஈடுசெய்வது கூலி ஆகாது. அதைக் கேட்கத் தயங்கியே விலகிப் போனவர்கள் எல்லா ஊர்ச் சங்கங்களிலும் இருப்பார்கள்.

தன்னார்வலர்களைச் சிறப்பிப்பதற்கு நாம் வழங்கும் அங்கீகாரம் என்னும் வடசொல்லின் உள்ளே இருப்பது அங்கம்: ஒன்றைத் தன் உறுப்பாக்கிக்கொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் ஏற்பு எனலாம். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவது பாராட்டு. பணிக்கு முன் பயிற்சி தருவது, அடையாள அட்டை வழங்குவது, செயற்குழுவில் முடிவெடுக்கும்போது அவர் கருத்தையும் கேட்பது ஆகியவையே ஏற்பு. சான்றிதழில் ‘தன்னலமற்ற சேவையைப் பாராட்டி’ என்று பொதுவாக அச்சிடுவதைவிட, ‘நூலகத்தின் 2,000 நூல்களுக்கும் அட்டவணை எழுதிய தன்னார்வலர்’ என்பதுபோல் செய்த வேலையின் பெயரை எழுதுவது நல்லது.