இடுப்பு எலும்பு எங்கேயும் விலகவில்லை

போன செவ்வாய்க்கிழமை வந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இடது பக்கத்தை லேசாகத் தூக்கி, உடம்புப் பாரம் முழுவதையும் வலது புட்டத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தார். "எங்க வலிக்குது, ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். முதுகின் அடியில் இரண்டு பக்கமும் சின்னக் குழி விழுமே, இடது குழிக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தார். எஸ்.ஐ. ஜாயிண்ட் என்று பிசியோதெரபிஸ்டுகளான நாங்கள் சொல்லும் சாக்ரோஇலியாக் மூட்டு, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடம், அங்கேதான் இருக்கிறது.

வயது 31. குழந்தை பிறந்து எட்டு மாதம். பிரசவத்துக்குப் பிறகு இருந்த லேசான வலிக்கு ரீல்ஸ் பார்த்துவிட்டு, முதுகையும் மூட்டையும் கையால் தட்டி, முறுக்கிச் சிகிச்சை செய்யும் ஒரு கைரோபிராக்டிக் சென்டருக்குப் போயிருக்கிறார். 12 சிட்டிங் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. முதல் தடவை 'டக்'கென்று சத்தம் கேட்டதும் இடுப்பே லேசானது போல் இருந்ததாம். இரண்டு நாளில் வலி திரும்பியது. மறுபடி போனார். மூன்றாவது சிட்டிங் முடிந்த இரவிலிருந்து படுக்கையில் புரள முடியவில்லை. நின்றபடி பேண்ட் மாட்ட ஒரு காலைத் தூக்கினால் சுருக்கென்று குத்துகிறது. குழந்தையைத் தூக்கப் பயம்.

அப்படி இருந்தும் என்னிடம் கேட்டது இதுதான்: "எலும்பு வெலகியிருந்துச்சுங்க மேடம். அவங்க சரி பண்ணி விட்டாங்க, மறுபடியும் வெலகிருச்சாட்ட இருக்குதுங்க. நீங்க ஒரு தடவ தள்ளி விட்டீங்கன்னா போதும்."

இந்த வார்த்தையை இந்த மாதம் மட்டும் நான்காவது ஆளிடமிருந்து கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எலும்பு விலகவில்லை. விலகவே இல்லை. எஸ்.ஐ. மூட்டு தோள்பட்டை மாதிரி கழன்று மாட்டுகிற மூட்டு அல்ல. உடம்பிலேயே வலுவான தசைநார்களில் சில இந்த மூட்டைத்தான் முன்னும் பின்னும் கட்டிப் பிடித்திருக்கின்றன. நீங்கள் நடந்தாலும் குனிந்தாலும் இது அசைவது இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். பெரிய விபத்தில் இடுப்பு எலும்பு உடைந்தால் விலகும். அவர்கள் நடந்து வந்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள், ஸ்ட்ரெச்சரில் வருவார்கள்.

ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998ல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பத்துப் பேருக்கு இடுப்பு எலும்பில் சின்ன உலோகக் குண்டுமணிகளைப் பதித்து, மூட்டைத் தட்டிச் 'சரிசெய்வதற்கு' முன்னும் பின்னும் துல்லியமான எக்ஸ்ரே முறையில் அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றியது. எக்ஸ்ரேயில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் அந்தச் சத்தம்? பாட்டி திருஷ்டி கழித்துவிட்டு நெற்றிப் பொட்டில் விரல் மடக்கி நெட்டி முறிப்பாரே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழ் உருவாகும். 2015ல் கனடாவில் விரலை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்து, அது உருவாவதைப் படமாகவே எடுத்தார்கள். நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், சத்தம் வராது; ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். பாட்டியின் விரல் எலும்பு எதுவும் விலகியிருந்து சேரவில்லை. உங்கள் இடுப்பிலும் சேரவில்லை. சத்தம் வந்ததும் தசையின் இறுக்கம் கொஞ்ச நேரம் தளர்ந்து வலி குறைவது உண்மை. அந்தச் சுகத்தை நம்பித்தான் அடுத்த சிட்டிங்குக்குப் போகிறீர்கள்.

இன்னொன்று, "ஒரு கால் குட்டை" என்று குப்புறப் படுக்கவைத்துக் காட்டுவது. சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். படுத்த கோணம், பிடித்து இழுக்கும் விதம், ஒரு பக்கத் தசை இறுகியிருப்பது, எதனாலும் அளவு மாறும். தட்டிய பிறகு "பாருங்க, சமமாயிருச்சு" என்று காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கைரோபிராக்டிக் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை அது. அங்கே பல ஆண்டுகள் படித்து உரிமம் வாங்கித்தான் செய்ய முடியும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகைத் தட்டிவிடும் சிகிச்சை, உடற்பயிற்சி அளவுக்குப் பலன் தருவதாக நல்ல ஆய்வுகளும் உண்டு. பிசியோதெரபிஸ்டுகளான நாங்களும் தேவைப்பட்டவர்களுக்கு அதைச் செய்கிறோம். ஆனால் யாருக்குச் செய்யக்கூடாது என்று முதலில் பார்த்த பிறகு. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. கற்றுத் தேர்ந்தவரும் இருக்கிறார், சில வாரப் பயிற்சி முடித்துவிட்டுப் போர்டு மாட்டியவரும் இருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்தப் பெண்ணிடம் குழந்தை பிறந்து எவ்வளவு நாளாயிற்று என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கர்ப்பத்தில் நெகிழ்ந்த தசைநார்கள் பிரசவமான மறுவாரமே பழைய இறுக்கத்துக்கு வந்துவிடாது. போதாக்குறைக்குக் குழந்தையை எப்போதும் இடது இடுப்பிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம். தாங்கிப் பிடிக்கவேண்டிய மூட்டை மூன்று முறை வேகமாக முறுக்கியிருக்கிறார்கள். எஸ்.ஐ. மூட்டுக்கான சோதனைகள் ஐந்து உண்டு, மூன்றில் வலித்தாலே சந்தேகப்படுவோம். இவருக்கு நான்கில் வலித்தது. இப்போது நானும் தள்ளிவிட்டால் புண்ணைக் கீறிய கதைதான்.

சென்ற ஆண்டு வந்த 26 வயதுப் பையனை இன்னும் மறக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு விறைத்துக் கிடக்கும், நடக்க நடக்கச் சரியாகும், விடியற்காலையில் வலி எழுப்பிவிடும். எட்டு மாதம் இடுப்பைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அது ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டிலும் வரும் ஒரு அழற்சி வாதம். வாதநோய் மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்க்கவேண்டிய நோய். ஓய்வெடுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி இளம் வயதில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், தயவுசெய்து முதலில் அவரிடம் போங்கள்.

தட்டிய பிறகு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிப்பது சகஜம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். மூன்றாம் நாளும் குறையவில்லை, கூடுகிறது, காலுக்கு இறங்குகிறது என்றால் நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு சிட்டிங்ல செட் ஆகிரும்" என்பார்கள், கேட்காதீர்கள். எலும்பு மெலிந்து பலவீனமான பெரியவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், வலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமலே போகிறது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போகிறது, கால் பலமிழந்து இழுபடுகிறது, இதில் எது நடந்தாலும் அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் நரம்பு திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

மற்றபடி இந்த மூட்டுக்குப் படுத்த படுக்கை வேண்டாம். புரளும்போது இரண்டு முட்டியையும் சேர்த்துவைத்து ஒரே கட்டையாகப் புரளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் முட்டிகளுக்கு நடுவே தலையணை. பேண்ட்டை உட்கார்ந்து மாட்டுங்கள், படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வையுங்கள். பெல்ட் போட்டால் வயிற்றில் கட்டாதீர்கள். இடுப்பெலும்பின் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் முட்டிக்கொண்டு தெரியுமே, அந்த மட்டத்தில் சுற்றிவர வேண்டும். கடையில் கொடுக்கும் அகலமான இடுப்புப் பெல்ட் வேறு, இது வேறு. வலி தணியத் தணியப் புட்டத் தசைக்குப் பயிற்சி, வாரக்கணக்கில், சலிக்காமல்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி, பெல்ட்டைக் கட்டிக் காட்டி, குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கச் சொன்னேன். கிளம்பும்போது கணவர் தயங்கிக் கேட்டார்: "இன்னும் ஒம்பது சிட்டிங் பாக்கி இருக்குதுங்க மேடம். கட்டின பணத்தத் திருப்பித் தரமாட்டாங்களாமா. இவளுக்குக் கொஞ்சம் சரியானதுக்கு அப்புறம் போய்ட்டு வரட்டுங்களா?"

வேண்டாம் தம்பி. அந்தப் பணம் போகட்டும்.