நிறுத்தச் சொன்ன மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்வது யார்?

போன வாரம் அவசரப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர். வலது கையைத் தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றுவதற்காக அட்மிட் ஆனவர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை அவரைப் பரிசோதித்தவள் நான். நெஞ்சு முழுக்கச் சளி, காய்ச்சல் 101 டிகிரி. இந்த நுரையீரலோடு மயக்கம் கொடுக்க முடியாது, சளி தீரட்டும் என்று தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னவளும் நான்தான். இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்து டாக்டருக்கு அதுவும் வேலையில் ஒரு பகுதி.

அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பு உண்டு. அதற்காகப் பல வருஷமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னதாக நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார். ஆபரேஷன் நடக்கவில்லை, வீட்டுக்குப் போனார். சளி சரியாயிற்று. வார்ஃபரின் மட்டும் டப்பாவிலேயே கிடந்தது. இதயத்துக்குள் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது.

மகளிடம் கேட்டேன். "நீங்கதானே டாக்டர் நிறுத்தச் சொன்னீங்க? மறுபடி போடச் சொல்லி யாரும் சொல்லலையே" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் இருந்தது, இருமலுக்கு மருந்து இருந்தது. வார்ஃபரினைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தாளை எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், தள்ளிவைக்கச் சொன்ன நான், எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இந்த வருஷத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது, கத்தி வைக்கும்போது ரத்தம் நிற்காமல் போகக் கூடாது என்பதற்காக மட்டும். அந்த மாத்திரை உங்களுக்கு இனி வேண்டாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. கத்தி வைக்கவில்லை என்றால் நிறுத்தியதற்கான காரணமே போய்விட்டது. நோய் அங்கேயே இருக்கிறது, ரத்தம் உறையும் ஆபத்து அங்கேயே இருக்கிறது, காவலுக்கு இருந்த மாத்திரை மட்டும் இல்லை. "எப்படியும் இன்னும் பத்து நாளில் ஆபரேஷன் வரப்போகுது, எதுக்குத் தொடங்கி மறுபடி நிறுத்தணும்?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பத்து நாள் என்று சொன்னது ஒரு மாதமாகலாம். பத்தே நாளாக இருந்தாலும் அந்தப் பத்து நாளுக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். இன்னும் சிலர், "உடம்பு அந்த மாத்திரை இல்லாமலே பழகிடுச்சு, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார்கள். ரத்தம் உறைவதை எந்த உடம்பும் முன்கூட்டிச் சொல்லாது. பக்கவாதம் வரும் நிமிஷம் வரைக்கும் அந்தப் பெரியவரும் நன்றாகத்தான் இருந்தார்.

அதற்காக இதைப் படித்தவுடன் டப்பாவைத் திறந்து நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். வார்ஃபரின் மறுபடி முழுசாக வேலை செய்ய ஏறக்குறைய ஐந்து நாளாவது ஆகும். அதுவரை சிலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படும், முக்கியமாக ஏற்கெனவே உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு. விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டாக விழுங்குவது மகா தவறு. எத்தனை மில்லிகிராம், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டுத் தொடங்குங்கள். அடுத்த மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். தேதி தள்ளிப்போன அன்றே, வார்டை விட்டு இறங்குவதற்கு முன் கேளுங்கள்.

வார்ஃபரின் மட்டும் இல்லை. ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் வேறு மாத்திரைகளும் உண்டு. பைபாஸுக்கு முன்னால் க்ளோபிடோக்ரெல்லை ஐந்து நாள், ப்ராசுக்ரெல்லை ஏழு நாள், டிகாக்ரெலாரைக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வோம். ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் இதை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். இந்த வருஷம் நான் பார்த்த முதல் ஆள் அப்படித்தான் வந்தார், மாரடைப்போடு. ஆஸ்பிரினைப் பெரும்பாலான பைபாஸ் நோயாளிகளுக்கு நாங்கள் நிறுத்துவதே இல்லை. ஆனால் "ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நிறுத்துங்க" என்று பொதுவாகச் சொன்னால் வீட்டில் அதையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரைக்கான டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் இரண்டையும் மூன்று நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லியிருப்போம். அதை மறுபடி தொடங்க மறந்துவிட்டுச் சர்க்கரை ஏறிப்போய், அந்தச் சர்க்கரைக்காகவே இரண்டாம் முறை ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள். மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பை அடக்கும் மாத்திரையை ஆபரேஷனுக்காகக்கூட நிறுத்துவதில்லை. அதைத் திடீரென்று விட்டால் இதயம் தறிகெட்டு ஓடும், நெஞ்சுவலி கூடும். மூன்று பேரில் இரண்டாவது ஆள் செய்தது இதைத்தான். யாரும் நிறுத்தச் சொல்லாமலே, "எல்லாத்தையும் நிறுத்திட்டேன் டாக்டர்" என்று வந்து நின்றார்.

இன்னொரு பேச்சையும் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். "தள்ளிப்போட்டாங்கன்னா அவ்வளவு அவசரம் இல்லைன்னுதானே அர்த்தம்?" இல்லை. ஏன் தள்ளிப்போனது என்பதற்கும் உங்கள் நோய் எவ்வளவு கடுமை என்பதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். சிறுநீரில் கிருமி, தொடையில் ஒரு கட்டி, பல்லில் சீழ், ஆஞ்சியோகிராம் சாயத்தால் சிறுநீரகம் பாதித்து ரத்தத்தில் ஏறிப்போன கிரியாட்டினின், ஐசியுவில் படுக்கை காலியில்லை, கேட்ட வகை ரத்தம் வந்து சேரவில்லை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கும். சில நாள் அதிகாலையில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்து ஒருவர் வருவார். அவருக்குக் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் போகும் ஆபத்து 1 முதல் 2 சதவீதம் கூடிக்கொண்டே போகும். உங்களுக்காகத் தயாராக இருந்த தியேட்டர் அவருக்குப் போகும். நடு மதியம் வரை பட்டினி கிடந்து, மார்பு முடியெல்லாம் மழித்துத் தயாரான பிறகு "இன்னைக்கு இல்லை" என்று கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அதைச் சொல்லப் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

ஆனால் கோபத்தில் கிளம்பிப் போய்விடாதீர்கள். "பார்த்துக்கலாம், கூப்பிடும்போது வரலாம்" என்று இருந்துவிடாதீர்கள். இதயத்திலிருந்து மகாதமனிக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கி, அதன் அறிகுறிகளும் தொடங்கிவிட்டால், வால்வை மாற்றாதவர்களின் சராசரி ஆயுள் நெஞ்சுவலி வந்தவர்களுக்கு ஐந்து வருஷம், மயங்கி விழுந்தவர்களுக்கு மூன்று, மூச்சிரைப்போடு இதயம் தளர்ந்தவர்களுக்கு இரண்டு என்பது 1968-லேயே எழுதப்பட்ட கணக்கு. தள்ளிப்போனதைத் தள்ளிப்போனதாகவே விட்டுவிட உங்களுக்கு நேரமில்லை. அடுத்த தேதி என்ன, தேதி இல்லையென்றால் யார் எப்போது சொல்வார்கள், ஒரு வாரத்தில் தகவல் வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது, நடுராத்திரியில் ஏதாவது ஆனால் எங்கே வருவது, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். அழைப்பவரின் கோப்புதான் மேலே வரும் என்பதை உள்ளே இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

காத்திருக்கும் நாட்களில் வலி மாறுகிறதா என்று கவனியுங்கள். முன்பு மாடி ஏறினால் வந்த வலி இப்போது குளியலறைக்கு நடந்தாலே வருகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறதா? படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறீர்களா, ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று என்று ஏறுகிறதா? மயங்கி விழுந்தீர்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தேதிவரை பொறுக்காதீர்கள், அன்றே வாருங்கள். இதயம் தளர்ந்தவர்கள் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். தொலைபேசியை எடுங்கள்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் அது உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இல்லை. உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுவீர்கள். ஐந்து நிமிஷத்தில் வலி அடங்கவில்லையா, ஆம்புலன்ஸ் அழையுங்கள், நீங்களே வண்டியோட்டி வராதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி வைக்காதீர்கள். அயோர்டிக் வால்வு சுருங்கியவருக்கு அதே மாத்திரை ஆளைச் சாய்த்துவிடலாம். ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த நாக்கு மாத்திரை கூடவே கூடாது. எங்களிடம் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் என்று நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகத்தையும் கெடுக்கும், உடம்பில் நீரையும் தேக்கும். அடுத்த முறை நானே உங்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேதி தள்ளிப்போனதும் நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறீர்கள். தண்ணீர்கூட நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். பாசம் புரிகிறது. ஆனால் ஒரு மாதம் படுத்தே கிடந்தவர் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஐசியுவில் தினம் பார்க்கிறேன். காலில் சதை கரைந்திருக்கும், இருமிச் சளியைத் துப்பத் தெம்பிருக்காது. டாக்டர் தடுத்திருந்தால் ஒழிய (இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்போ, அறிகுறியுள்ள அயோர்டிக் சுருக்கமோ இருந்தால் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்) வலியோ மூச்சிரைப்போ வராத அளவுக்குச் சமதரையில் நடக்கட்டும். பந்து ஏறும் அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்திருந்தால் தூசி தட்டி எடுங்கள்.

கிடைத்த நாட்களை வீணாக்காதீர்கள். புகைப்பவர் இன்றே விடுங்கள். நான்கு வாரம் விட்டிருந்தால்கூட வென்டிலேட்டரை எடுக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியும். வால்வு ஆபரேஷன் என்றால் பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லின் கிருமி புது வால்வில் போய் ஒட்டினால் வரும் துன்பம் பல்வலியோடு ஒப்பிடக்கூடியது அல்ல. ரத்தசோகை இருக்கிறதா, ஃப்ளூ தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள்.

மனசு பற்றிப் பேச எங்களுக்கு நேரமில்லாமல் போகிறது, அது எங்கள் குறை. ஒரு முறை மரணத்துக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டவருக்கு, அந்தத் துணிவை மறுபடி சேர்த்துக்கொள்வது முதல் முறையைவிடக் கடினம். தூக்கம் போகும். எரிச்சல் வரும், பெரும்பாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் மேலேயே பாயும். "உன் சளியாலதான் எல்லாம் கெட்டுது" என்று தயவுசெய்து நோயாளியிடம் சொல்லாதீர்கள். காய்ச்சலை மறைக்காமல் சொன்னவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர். அடுத்த முறை திட்டு வாங்கப் பயந்து காய்ச்சலை மறைத்தாரென்றால், நுரையீரல் அழற்சியோடு அவரை மேஜையில் படுக்கவைப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் நெஞ்சுவலியைச் சொல்வது மாதிரியே எங்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவருக்கு வால்வு இன்னும் மாற்றவில்லை. ஆபரேஷனில் ரத்தத்தை இதய நுரையீரல் இயந்திரத்தில் ஓட்டும்போது ஹெப்பாரின் மிக அதிகமாகக் கொடுக்க வேண்டும், புதிதாக அடிபட்ட மூளையில் அப்போது ரத்தம் கசியலாம். அதனால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். இரண்டாம் முறையாகத் தள்ளிப்போகிறது. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது, விரல்கள் அசைகின்றன.

நேற்று வார்டுக்குப் போனபோது மகள் ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டிருந்தார். எப்போது நிறுத்துவது, யார் சொன்னது, மறுபடி எப்போது தொடங்குவது. கடைசிக் கட்டத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன்.